லூப், நேரம், காரணம், குரல்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியவில்லை. ஆணி அதிகம். என்ன ஆணி என்று சொந்தக்காரர்களுக்குக்கூடப் புரியவைக்க முடியாத ஆணி என்பதுதான் கொடுமை. போன மாசம் மாதுங்காவில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலை மாமா, "தம்பி என்ன பண்றீங்க?" என்றார். "சினிமாவில் சவுண்ட் டிபார்ட்மெண்ட் மாமா." முகம் மலர்ந்துவிட்டது. "அட, ரஹ்மான் மாதிரியா?" "இல்ல மாமா, எக்ஸெல் மாதிரி." அதுக்கப்புறம் அவர் ரசத்தில் மும்முரமாகிவிட்டார்.

மாமாவுக்குச் சொல்லாமல் விட்டதை உங்களுக்குச் சொல்கிறேன். படப்பிடிப்பில் பதிவான வசனத்தை டயலாக் எடிட்டர் ஒவ்வொரு வரியாகக் கேட்பார். மேலே விமானம் போயிருக்கும், ஜெனரேட்டர் உறுமியிருக்கும், மைக் சட்டையில் உரசியிருக்கும், நடிகரே வார்த்தையை முழுங்கியிருப்பார். தேறாத வரிகளை நடிகர் ஸ்டுடியோவுக்கு வந்து, திரையைப் பார்த்துக்கொண்டே திரும்பப் பேச வேண்டும். இதற்கு ஏடிஆர் என்று பெயர். எந்த வரி, யார் பேசுவது, எந்த நொடியில் ஆரம்பித்து எந்த நொடியில் முடிகிறது, ஏன் மாற்றுகிறோம் என்று அட்டவணை போட்டுக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று.

செய்முறை எளிமைதான். ப்ரோ டூல்ஸ் செஷனில் அந்த வரிக்கு நேர் கீழே, தனி டிராக்கில், ஒலியே இல்லாத ஒரு வெற்றுக் கிளிப்பை உருவாக்குவோம். அதன் பெயராகவே வசனத்தை அடித்துவிடுவோம். எல்லாம் முடிந்ததும் செஷன் விவரத்தை டெக்ஸ்ட் ஃபைலாக எடுத்தால் கிளிப்பின் பெயர், ஆரம்பம், முடிவு, நீளம், கடைசிக் கட்டத்தில் அது மியூட் ஆகியிருக்கிறதா இல்லையா என்பதுவரை வரிசையாக வந்து விழும். (இந்தக் கடைசிக் கட்டத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், என் மானத்தை வாங்கியது அதுதான்.) அதை எக்ஸெலில் போட்டு, பாத்திரவாரியாகப் பிரித்து, எண் கொடுத்து பிரிண்ட் எடுத்தால் ஒரு நாள் ரெக்கார்டிங்குக்கான காகிதம் தயார். கையாலேயே நேரம் குறித்து எழுதலாமே என்றால், எழுதலாம். டைரக்டர் மூணாவது ரீலில் ரெண்டு ஷாட்டைத் தூக்கிவிட்டார் என்றால் அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனை நேரமும் தப்பாகிவிடும். செஷனில் கிளிப்பாக இருந்தால், படம் நகரும்போது அதையும் சேர்த்து நகர்த்திவிட்டு, திரும்ப ஒருமுறை ஃபைல் எடுத்தால் போதும்.

கேட்க சப்பென்றுதான் இருக்கும். ஆனால் அந்தக் காகிதத்தில் இருக்கும் ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு காலத்தில் பிறந்தது. இன்றைக்கு அந்தக் கதைதான். கொஞ்சம் பழைய கொசுவத்தி சுத்திக்கிறேன்.

ஆரம்பத்தில் காகிதத்துக்கு வேலையே இல்லை. நம்ம பம்பாயில்தான் ஆரம்பம். அர்தேஷிர் இரானியின் 'ஆலம் ஆரா' 1931 மார்ச் 14-ஆம் தேதி மெஜஸ்டிக் தியேட்டரில் வெளியானது. ஸ்டுடியோவை ஒட்டி ரயில் தண்டவாளம். பகலில் ரயில் சத்தம் தாங்காமல், ரயில்கள் ஓய்ந்த நடுராத்திரிக்கு மேல் படம் பிடித்தார்கள். மைக்கை நடிகர்களுக்குப் பக்கத்தில் எங்காவது ஒளித்துவைக்க வேண்டும். படம் பதிவாகும் அதே ஃபிலிம் சுருளில் ஒலியும் பதிவானது. அதனால் பேசினது பேசினதுதான், வசனத்தை மட்டும் தனியாகக் கழற்றி மாற்ற வழியில்லை. அதே வருஷம் அக்டோபர் 31-இல் சென்னையில் வெளியான முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' எடுக்கப்பட்டதும் இதே பம்பாயில்தான். அதில் டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, ஹீரோ தெலுங்கில் பதில் சொன்னார். யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை. பாட்டும் பேச்சும் திரையிலிருந்து வந்ததே பெரிய விஷயம். (மும்பைத் தமிழன் என்று யாராவது உங்களை இளக்காரமாகப் பேசினால் காளிதாஸை எடுத்து விடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.)

தமிழில் வாயும் குரலும் பிரியத் தொடங்கியது ஏவி.மெய்யப்பன் கையில். 1938-இல் வந்த 'நந்தகுமார்' படத்தில் திரையில் ஒருவர் வாயசைக்க, லலிதா வெங்கட்ராமன் என்பவரின் பாட்டைச் சேர்த்தார். 1943-இல் அவர் எடுத்த கன்னட 'ஹரிச்சந்திரா'வை அடுத்த வருஷமே தமிழ் பேச வைத்தார். ஒரு மொழியில் அசைந்த உதட்டுக்கு இன்னொரு மொழியைப் பொருத்தும் வேலைக்கு நம் ஊரில் பிள்ளையார் சுழி அதுதான்.

இருந்தாலும் பல வருஷங்களுக்குப் பெரும்பாலான படங்கள் ஸ்டுடியோ செட்டுக்குள், கனமான, சத்தம் அடக்கிய கேமராக்களில் எடுக்கப்பட்டதால் செட்டில் பேசியதே தியேட்டரில் கேட்டது. கேமரா தோளில் ஏறி வெளியே கிளம்பியபோதுதான் சங்கடம். ஆரிஃப்ளெக்ஸ் 2சி என்று ஒரு கேமரா. எடை குறைவு, எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போகலாம். ஆனால் ஓடும்போது தையல் மெஷின் மாதிரி கடகடவென்று சத்தம் போடும். வயல் வரப்பும் வாய்க்காலும் திரைக்கு வந்தன, ஆனால் அங்கே பேசிய பேச்சு உதவாது. முழுப்படத்தையும் டப்பிங் தியேட்டரில் திரும்பப் பேசுவது வழக்கமானது. நடிகர் என்ன பேசினார் என்று தெரிவதற்காக ஸ்பாட்டில் சுமாராகப் பதிவு செய்வதற்குப் பைலட் டிராக் என்று பெயர்.

இங்கேதான் முதல் கட்டம் பிறக்கிறது: லூப் நம்பர். படத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் தலையையும் வாலையும் ஒட்டி வளையமாக்குவார்கள். 35 எம்.எம். ஃபிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும், அரை நிமிஷ வசனம் என்றால் 45 அடி வளையம். அதை ப்ரொஜெக்டரில் மாட்டினால் அதே காட்சி சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். சரியாகப் பொருந்தும்வரை பேச வேண்டியது, பொருந்தியதும் அடுத்த வளையம். எந்த வளையம் முடிந்தது, எது பாக்கி என்று தெரிய நம்பர் போட்ட நோட்டு வேண்டுமல்லவா? என் எக்ஸெலின் கொள்ளுப்பாட்டி அந்த நோட்டுதான்.

அந்தக் காலத்தில் பேச ஆரம்பித்த ஒரு டப்பிங் அம்மாவோடு ஒருநாள் முழுக்க வேலை செய்யக் கிடைத்தது. (பேர் வேண்டாம். அவரைப் பற்றிப் பின்னால் வருகிறது.) "லூப் நமக்காக நிக்காது தம்பி. நாம தயாரா இல்லைன்னாலும் அது பாட்டுக்கு வந்துட்டே இருக்கும். காட்சில அஞ்சு பேர்னா அஞ்சு பேரும் ஒரே மைக் முன்னாடி. கடைசி ஆளு சொதப்பினா மொத்தப் பேரும் முதல்லேருந்து" என்றார். இப்போது ஒவ்வொருவராகத் தனியே வந்து பேசிவிட்டுப் போகிறார்கள். எதிரே நின்று பேச ஆள் இல்லாமல் தன்னந்தனியாகச் சண்டை போடுவது இன்னும் பழகவில்லை என்றார் அவர்.

பிறகு ஃபிலிமை வெட்டி ஒட்டாமல், முன்னும் பின்னும் ஓட்டி அதே இடத்துக்குத் திரும்பும் இயந்திரங்கள் வந்தன. ஏடிஆரில் இருக்கும் 'ஏ', ஆட்டமேட்டட், இந்தத் தானியங்கி வசதியைக் குறிப்பது. இயந்திரத்துக்குப் போகவேண்டிய இடத்தைச் சொல்ல வேண்டுமே, அதனால் நேரக் கட்டம் வந்தது. முதலில் அடிக்கணக்கு, பிறகு மணி, நிமிடம், நொடி, ஃபிரேம் என்று டைம்கோடு. இதில் ஒரு பொறி இருக்கிறது. சினிமாவுக்கு நொடிக்கு 24 ஃபிரேம், நம் ஊர் டிவிக்கு 25. 24-இல் எடுத்த ஒரு மணி நேரப் படத்தை 25-இல் ஓட்டினால் 57 நிமிஷம் 36 நொடியில் முடிந்துவிடும். செஷன் எதில் இருக்கிறது என்று பார்க்காமல் பட்டியல் போட்டால், முதல் சீனில் சரியாக இருக்கும் நேரம் போகப் போக நழுவி, கடைசியில் அம்மா பேசும் வரி அப்பா முகத்தில் போய் உட்காரும். டெக்ஸ்ட் ஃபைலின் தலையிலேயே ஃபிரேம் கணக்கு எழுதியிருக்கும். புதிதாக இந்த வேலைக்கு வரும் பையன்களிடம் அதை மட்டும் ரெண்டு தடவை படிக்கச் சொல்வேன்.

எனக்குப் பிடித்த கட்டம் மூன்றாவது. காரணம். அதற்கு வயசு குறைவு. முழுப் படத்தையும் திரும்பப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் "ஏன் இந்த வரி?" என்ற கேள்விக்கே இடமில்லை. ஸ்பாட்டில் பேசியதையே வைத்துக்கொள்ளும் முறை பெரிய படங்களில் திரும்பி வந்த பிறகுதான் எதை வைப்பது, எதை மாற்றுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. 2001-இல் 'லகான்', 'தில் சாஹ்தா ஹை' ரெண்டும் அப்படி வந்தன, ரெண்டுக்கும் ஸ்பாட்டில் ஒலிப்பதிவு செய்தவர் நகுல் காம்தே. லகானின் ஒலிக்கான தேசிய விருதை அவரோடு பகிர்ந்துகொண்டவர் நம் சென்னையின் எச்.ஸ்ரீதர். 2008-இல் ரொம்பச் சீக்கிரமாகப் போய்விட்டார். தமிழில் 2004-இல் 'விருமாண்டி' ஸ்பாட் ஒலியோடு வந்தது. ஜல்லிக்கட்டுக் கூட்டத்துக்கு நடுவே மைக் பிடித்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கும்பிடத் தோன்றும்.

காரணக் கட்டத்தில் எழுதுவதெல்லாம் ரெண்டு மூணு வார்த்தைதான். 'விமானம்.' 'உச்சரிப்பு.' 'சென்சார்.' 'டைரக்டர் விருப்பம்.' இந்தக் கடைசியை எழுதும்போது மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை, ஏனென்றால் அந்தக் காகிதத்தை நடிகரும் படிப்பார். 'நடிப்பு சரியில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் ஸ்டுடியோ வாசலோடு திரும்பிப் போன கதை எங்கள் தொழிலில் சொல்லிச் சிரிப்பார்கள். அதனால் எல்லாக் குற்றமும் எங்கள் பட்டியலில் ஜெனரேட்டர் மேல்தான் விழும் :-)

சிரிப்பை விடுங்கள். எது ஸ்பாட்டில் பேசியது, எது ஸ்டுடியோவில் பேசியது என்று படம் பார்ப்பவருக்குத் தெரியாது. ஜூரிக்கும் தெரியாது போலிருக்கிறது. 2009-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து ஒலிக்கான தேசிய விருதை மூன்றாகப் பிரித்தார்கள், அதில் ஒன்று ஸ்பாட் ஒலிப்பதிவு செய்த படங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 2022-இல் அந்த விருது 'டொள்ளு' என்ற கன்னடப் படத்துக்கு அறிவிக்கப்பட்டது. உடனே அந்தப் படத்தின் சவுண்ட் டிசைனர் நிதின் லுக்கோஸே "இது ஸ்பாட் சவுண்ட் படம் இல்லை, டப் செய்த படம்" என்று வெளிப்படையாகச் சொன்னார். ரசூல் பூக்குட்டியும் குரல் கொடுத்தார். டப்பிங் அவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது என்று சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா? என்னைக் கேட்டால், ஏடிஆர் பட்டியலை இணைத்து அனுப்புங்கள் என்று விதிமுறையில் ஒரு வரி சேர்த்திருந்தாலே போதும்.

நாலாவது கட்டம் குரல். பாத்திரத்தின் பெயர் ஒரு கட்டம், திரையில் நடித்தவர் ஒரு கட்டம், நிஜமாகப் பேசியவர் இன்னொரு கட்டம். இந்த மூன்றாவதுதான் அநேகமாகக் காலியாக இருக்கும்.

நம்ம சிவகாசிப் பக்கம் மீனம்பட்டியில் பிறந்த ஸ்ரீதேவி இந்தப் பம்பாயை ஆண்டபோது, முதல் பல வருஷங்கள் இந்தியில் பேசியது அவரில்லை. நடிகை நாஸ் அவருக்காகப் பேசினார். 1986-இல் 'ஆக்ரி ராஸ்தா'வில் பேசியது ரேகா. ஸ்ரீதேவி தன் குரலில் இந்தி பேசியது 1989-இல் 'சாந்தினி'யில்தான். எதிர்த்திசையிலும் அப்படியே. 1995-இல் 'பம்பாய்' படத்தில் மனீஷா கொய்ராலாவின் தமிழ், நடிகை ரோகிணியுடையது. இவர்கள் எல்லாம் பெயர் தெரிந்தவர்கள், அதனால் தப்பித்தார்கள்.

தப்பிக்காத கதை 'மணிச்சித்ரதாழ்'. 1993, மலையாளம், இயக்கம் ஃபாசில். ஷோபனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம். கங்காவுக்கு மலையாளத்தில் குரல் கொடுத்தவர் பாக்யலட்சுமி. கங்காவுக்குள் இருக்கும் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, தமிழ் பேசுவாள். அந்த ஆக்ரோஷத் தமிழும் பாக்யலட்சுமியுடையது என்றே கேரளா முழுக்க நம்பியது. ஏன், பாக்யலட்சுமியே நம்பினார். முதலில் அதையும் அவர் பேசியிருந்தார், பிறகு மாற்றியது அவருக்குச் சொல்லப்படவில்லை. 2016-இல்தான் ஒரு மலையாள வார இதழில் ஃபாசில் எழுதினார்: நாகவல்லிக்குப் பேசியது துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞர். 23 வருஷம்! அத்தனை வருஷமும் தன் குரல் இன்னொருவர் பெயரில் பாராட்டு வாங்குவதைக் கேட்டுக்கொண்டிருப்பது எப்படி இருந்திருக்கும்? இதில் யாரும் திருடவில்லை என்பதுதான் எனக்கு உறைத்தது. சொல்ல மறந்துவிட்டார்கள். ஒரு காகிதத்தில் ஒரு கட்டம் நிரம்பவில்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் ரொம்ப யோக்கியன் மாதிரி எழுதுகிறேன் இல்லையா? இனி என் கதை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு இந்திப் படத்தின் தமிழ் வடிவம் இங்கே அந்தேரியில் தயாரானது. ஆபீஸில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் என்பதால் பட்டியல் என் தலையில் விழுந்தது. கதாநாயகனின் தாயாக வரும் நடிகைக்குத் தமிழ் தெரியாது. அவருக்குப் பேசத்தான் மேலே சொன்ன அம்மா சென்னையிலிருந்து ஒருநாள் வந்தார். ஃபிளாஸ்கில் சுக்கு வெந்நீர், மடித்த கம்பளி, கையில் கண்ணாடிக்கூடு. என் பட்டியலை வாங்கி வரிகளை எண்ணினார். 46. "எழுத்து பெருசா போட்டிருக்கீங்க தம்பி, புண்ணியமா போகும்" என்றார். சாயங்காலத்துக்குள் 46-ஐயும் முடித்துவிட்டு ராத்திரி விமானத்தில் கிளம்பிவிட்டார்.

பத்து நாள் கழித்து டயலாக் எடிட்டர் கூப்பிட்டார். மகன் வீட்டைவிட்டுக் கிளம்பும் காட்சி. தாய் திரும்பிப் பார்க்காமல் ஏதோ சொல்கிறாள், உதடு அசைகிறது, சத்தமில்லை. செஷனைத் திறந்தால் 47-ஆவது கிளிப் அங்கேயே இருக்கிறது: "கதவைச் சாத்திக்கிட்டுப் போ." ஆனால் மியூட். மேல் டிராக்கில் இந்தி வசனத்தை மியூட் செய்யப்போய் கீழே இருந்த வெற்றுக் கிளிப்பையும் சேர்த்து மியூட் செய்திருக்கிறேன். சத்தமே இல்லாத கிளிப் மியூட் ஆனால் காதுக்கு எப்படித் தெரியும்? வேண்டாம் என்று ஒதுக்கிய வரிகளை மியூட் செய்துவைப்பது எங்கள் வழக்கம் என்பதால், எக்ஸெலில் மியூட் வரிகளை எல்லாம் மறைத்துவிட்டுத்தான் பிரிண்ட் எடுத்தேன். இதுவும் சேர்ந்து மறைந்துவிட்டது.

அம்மாவுக்குப் போன் செய்தால் எடுத்தது மகள். தைராய்டு ஆபரேஷன் முடிந்து மூன்று நாள். குரல் திரும்ப எத்தனை நாளாகும் என்று டாக்டர் சொல்லவில்லை. நான் அந்த வரியைப் பற்றிப் பேசவே இல்லை, நலம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். ரிலீஸ் தேதி நெருங்கியது. இங்கேயே தமிழ் தெரிந்த ஒரு பெண்ணை ஒருங்கிணைப்பாளர் அழைத்துவந்தார். ஒரு வரிதானே, இருபது நிமிஷம். குரலைக் கொஞ்சம் தாழ்த்திப் பொருத்தியதும் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. பட்டியலில் 47-ஆவது எண்ணுக்கு எதிரே, குரல் கட்டத்தில், 'வேறு குரல்' என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அதற்கப்புறம் டெக்ஸ்ட் ஃபைலின் மொத்த வரிகளையும் எக்ஸெல் வரிகளையும் எண்ணிப் பார்க்காமல் பிரிண்ட் கொடுப்பதில்லை என்பது தவிர இதை நான் நினைக்கவும் இல்லை.

போன மாசம், அந்தக் கல்யாணம் முடிந்த வாரம், அம்மாவே கூப்பிட்டார். குரல் கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் வந்துவிட்டது. படத்தை இப்போதுதான் டிவியில் பார்த்தாராம்.

"தம்பி, 'கதவைச் சாத்திக்கிட்டுப் போ' நான் பேசலையே?"

நடந்ததைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை.

"நல்லா பேசியிருக்கா. நானா இருந்தா கொஞ்சம் அழுத்தி, கெடுத்திருப்பேன். யாரு அந்தப் பொண்ணு?"

எனக்குத் தெரியவில்லை. "கேட்டுச் சொல்றேன்மா" என்றேன்.

மறுநாள் ஒருங்கிணைப்பாளரைக் கேட்டால், ஏதோ ஒரு பெண், யாரோ சொல்லி அழைத்துவந்தது என்றார். ஸ்டுடியோவில் பழைய வவுச்சர் கட்டைத் தேடினோம். தொகை இருந்தது, தேதி இருந்தது, தமிழில் ஒரு கையெழுத்து இருந்தது. முதலெழுத்து 'ச' என்பதற்கு மேல் படிக்க முடியவில்லை. அங்கே இங்கே விசாரித்து, செம்பூரில் ஒரு டியூஷன் டீச்சர் என்று கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. அவர் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லையாம். எத்தனையாவது நிமிஷத்தில் அந்த வரி வருகிறது என்று கேட்டார். பட்டியலைப் பார்த்துச் சொன்னேன்.

அம்மாவிடமும் பெயரைச் சொல்லிவிட்டேன். பழைய ஃபைலைத் திறந்து, 'வேறு குரல்' என்பதை அழித்துவிட்டு அந்தக் கட்டத்தை நேற்று ராத்திரிதான் நிரப்பினேன்.